லோரித் தட்டுக்குச் சாம்பல் நிறம்

அன்புள்ள தம்பி,

நம் லோரியின் சுமை ஏற்றும் பின்தட்டுக்கு இனி நீல நிறம் அடிப்பதில்லை, சாம்பல் நிறமே அடிப்பது என்று முடிவு செய்யப்பட்டது. முடிவு எடுக்கப்பட்ட இடம், வீட்டுப் பக்கவாட்டில் உள்ள ரம்புத்தான் மரத்தடி. நேரம், பசியாறலுக்குப் பின். கலந்துகொண்டவர்கள் நான், உன் அம்மா, ஈஜோக்கில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மணியம். நம் நாயும் தொடக்கத்தில் இருந்தது. விவாதம் நீண்டதால் பாதியில் எழுந்து போய்விட்டது. மணியம் நீலத்துக்கு ஆதரவாக வெகுநேரம் பேசினான். அவனிடம் நீலப் பெயிண்ட் டின் ஒன்று திறந்தபடி மிச்சமிருந்ததைத் தவிர, அவனுக்கு வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை. உன் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தில் சில வரிகள் காகிதத்தின் வலது ஓரத்தில் பாதியில் நின்றிருக்கும். மீதிச் சொல் மேசைத் துணியில் இருக்கிறது. துணியை உனக்கு அனுப்ப முடியாது. நீயாக ஊகித்துப் படித்துக்கொள். காரணம் பின்னால் வருகிறது.

நீ ஆஸ்திரேலியாவில் பெர்த் போய்ச் சேர்ந்ததிலிருந்து தொலைபேசியில் உன்னோடு பேசுவது உன் அம்மாதான். நான் பின்னால் நின்று "சாப்பிட்டானான்னு கேளு" என்று சொல்லும் பதவியில் இருக்கிறேன். சுரங்கத்தில் நீ ஓட்டும் லோரியின் டயரே நம் வீட்டு உயரம் என்று நீ சொன்னபோது அந்தப் பதவியில்தான் நின்றிருந்தேன். "அப்ப பஞ்சர் ஆனா யாருடா கழட்டுவா?" என்று கேட்டாள். "அதுக்குத் தனியா ஆள் இருக்காங்கம்மா" என்றாய். "நம்ம வீட்லயும் இருந்தாரு, உங்கப்பாதான். ஒரு டயரக் கழட்டிட்டு ரெண்டு நாள் படுத்திருப்பாரு" என்றாள். நீ சிரித்தது எனக்குக் கேட்டது. அதற்கு முன்பு நீ அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஷா ஆலாம் அலுவலகத்தில் நீ கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அது நிகழவில்லை.

உன்னை லோரிப் பக்கம் அண்டவிடாமல் வளர்த்தவன் நான். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலை வாசலில் எடைக்காக நிற்கும் வரிசையில் மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள், நான் படிப்பேன். வாழ்க்கையில் நான் படித்த எல்லாவற்றையும் பழம் வேகிற வாசனையில்தான் படித்தேன். அவற்றில் ஒன்றுகூட, லோரி ஓட்டுகிறவன் மகன் லோரி ஓட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு உன்னைக் கணக்கியல் படிக்க அனுப்பினேன். இப்போது நீ கணக்கியல் படித்த லோரி டிரைவர். உலகத்தில் இதைவிடப் பெரிய லோரி இருந்தால் அதையும் ஓட்டியிருப்பாய். என் பேச்சுக்கு நம் வீட்டில் என்ன மதிப்பு என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. கேட்டால் டயரின் அளவைச் சொல்வேன்.

உனக்குப் பதினைந்து வயதில் ஒரு நாள் மத்தியானம் நான் தூங்கி எழுந்து லோரியில் ஏறினால், இருக்கை முன்னுக்கு இழுக்கப்பட்டிருந்தது. பள்ளித் திடலைச் சுற்றி நீ ஓட்டியிருக்கிறாய். உன் அம்மா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, யாராவது வருகிறார்களா என்று பார்த்துச் சொல்லியிருக்கிறாள். உன்னை நான் அடிக்கவில்லை. ஆனால் ஒரு வாரம் பேசவில்லை. அதற்குப் பதில் அடித்திருக்கலாம் என்று நீ பிற்பாடு சொன்னாய். அன்றைக்கு லோரிச் சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். நம் வீட்டில் அந்த டின்னைத் தினமும் திறப்பவள் யார் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதற்கடுத்த ஆண்டுதான் பழைய மரத்தட்டைக் கழற்றிவிட்டு இந்த இரும்புத் தட்டைப் பொருத்தினோம். நீல நிறம் அடித்து, பின்கதவில் வெள்ளை எழுத்தில் உன் பெயரை எழுதச் சொன்னேன். லோரியைத் தொடக்கூடாது என்று தடுத்துவைத்த மகனின் பெயரை லோரியிலேயே எழுதிய தகப்பனைப் பற்றி ஆலை வரிசையில் யாரும் கேள்வி கேட்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் பலகையைப் பற்றித்தான். குலைகளைக் குத்தித் தூக்கும் கம்பி புதுத் தட்டில் கோடு போட்டுவிடுமே என்று தட்டின் அடி முழுவதும் பலகை பரப்பி ஆணி அறைந்தேன். "என்னா அண்ணே, லோரிக்கு வீடு மாதிரி தரை போட்டிருக்கீங்க? செருப்பக் கழட்டிட்டு ஏறணுமா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களின் தட்டுகளெல்லாம் கோடும் கீறலுமாகக் கிடந்தன. என் தட்டு அடியில் புதிதாக இருக்கிறது என்ற நினைப்பு எனக்குப் பல ஆண்டுகள் ஒரு சொத்தைப் போல இருந்தது.

நீ புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை வந்து, "லோரி பரிசோதனைக்குப் போகணும்ல, தட்டுல துரு இருந்தா விடமாட்டாங்க. நான் போறதுக்குள்ள ரெண்டு பேருமா சரி பண்ணிடலாம்ப்பா" என்றாய். நீயும் மணியமும் கடப்பாரையால் பலகையை நெம்பினீர்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். உள்ளே இருக்கிற நீலத்தை நீ முதலில் பார்க்க வேண்டும் என்ற எண்ணம். நீ குனிந்து விரலால் சுரண்டிப் பார்த்தாய். பிறகு, "அப்பா, இது தட்டா அப்பளமா?" என்றாய். மணியம் காலால் ஓர் இடத்தில் தட்டினான். கால் உள்ளே போய்விட்டது. "பலகை போடாம வெறுமனே விட்டிருந்தா மழ பேஞ்சி காஞ்சிருக்கும்ண்ணே. மூடி வெச்சிட்டீங்க, ஈரம் எங்க போவும்?" என்றான். பழச்சாறு, உர மூட்டையிலிருந்து சிந்திய உப்பு, மழைத் தண்ணீர் எல்லாம் பலகைக்கு அடியில் தங்கி, வெயில் படாமல், காற்றுப் படாமல், தம் வேலையைப் பார்த்திருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் உன் அம்மா மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்து தெளித்த மந்திரித்த தண்ணீரிலும் உப்பு உண்டு என்பதை எடுத்துச் சொன்னேன். அன்று மத்தியானச் சாப்பாடு தாமதமானது. நான் சொல்லவேண்டியது என்னவென்றால், மேலே ஒரு கோடுகூட விழவில்லை.

ஓட்டை விழுந்த இடங்களை வெட்டியெடுத்து மணியம் புதுத் தகடு வைத்து ஒட்டினான். மற்ற இடங்களைக் கம்பிச் சக்கரம் மாட்டிய கிரைண்டரால் வெள்ளிபோல் தெரியும்வரை தேய்க்க வேண்டும், துடைத்துவிட்டுத் துரு பிடிக்கவிடாத சிவப்புப் பூச்சு அடிக்க வேண்டும், அது காய்ந்த பிறகு இன்னொரு முறை. நீ இடது பக்கம், நான் வலது பக்கம் என்று பிரித்துக்கொண்டோம். உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அதைத் தவிர வேறெதுவும் ஞாபகத்துக்கு வராத நாட்கள் இருக்கின்றன. நீ உன் பக்கத்தைப் பாதி முடிப்பதற்குள் நான் என் பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வேகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். நீ வந்து பார்த்தாய்.

"அப்பா, மூலையில துரு அப்படியே இருக்கு."

"அது நிழல்டா."

நீ நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாய். காலையிலிருந்து மேகம் மூடியிருந்தது. நிழல் விழும் அளவுக்கு அன்றைக்கு வெயிலே இல்லை.

"ஆமாப்பா, நிழல்தான்" என்றாய்.

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க போயித் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கப்பா. என் பக்கத்த நான் முடிச்சிடறேன்" என்றாய். நான் சமையலறையில் போய் உட்கார்ந்தேன். உன் அம்மா பால் சேர்க்காத தே ஓவும் பொரித்த வாழைப்பழமும் வைத்தாள். கிரைண்டர் ஓடத் தொடங்கியது. சத்தம் வலது பக்கத்திலிருந்து வந்தது. என்மேல் உள்ள புகாரெல்லாம் கண்ணைப் பற்றியது. காது நன்றாக இருக்கிறது. மூலைக்கு மூலை அது நின்று நின்று போனதைக் கேட்டுக்கொண்டே குடித்து முடித்தேன். நீ இன்னும் முடிக்கவில்லை. இன்னொரு கோப்பை கேட்டேன். "என்னா, ஒருநாளும் இல்லாத திருநாளா ரெண்டாவது தேத்தண்ணி? இனிப்பு ஏறிக் கெடக்கு ஒடம்புல" என்றாள். ஊற்றித் தந்தாள். அவளுக்கும் காது கேட்கும். நான் திரும்பி வந்தபோது நீ இடது பக்கத்தில் குனிந்து நின்றிருந்தாய், அங்கிருந்து நகராதவன் போல. "உங்க சைடு நல்லா வந்திருக்குப்பா" என்றாய். "பழைய ஆளுடா நான்" என்றேன். பிறகு இருவரும் சிவப்புப் பூச்சு அடித்தோம். ஓரங்களை நீயே அடித்தாய். அதற்கும் ஏதோ காரணம் சொன்னாய்; அந்தக் காரணமும் நன்றாகத்தான் இருந்தது.

இனி, வரிகள் ஏன் மேசைத் துணிக்குப் போகின்றன என்பதைச் சொல்கிறேன். லோரி லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனைக்குப் போனேன். எதிரே உள்ள எழுத்துகளையெல்லாம் மளமளவென்று வாசித்தேன். டாக்டரம்மா சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், என் வாசிப்பைப் பாராட்டிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். அங்கே சொன்னார்கள், கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை ஓரங்களிலிருந்து போய்க்கொண்டிருக்கிறதாம். நடுவில் இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. போனது திரும்பாது, மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம். லோரி ஓட்டக்கூடாது. இதெல்லாம் நீ ஆஸ்திரேலிய வேலை கிடைத்தது என்று சொல்லுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. நீ கேட்டபோதெல்லாம் "பழம் கொறைவு, லோரி ஓடல" என்று சொன்னேனே, அப்போது பழம் நன்றாகத்தான் இருந்தது.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். "பொறப்படப் போறவன் காதுல கெட்ட சேதி போடாதீங்க. போயிச் சேரட்டும்" என்றாள் உன் அம்மா. அவளைக் குறை சொல்லமாட்டேன். நம் சனத்தில் எல்லாரும் செய்வதுதான். வெளியூருக்குப் புறப்படுகிறவனிடம் எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்பதில்லை நாம். கண்ணைப் பற்றியா பேசப்போகிறோம்? சொட்டு மருந்தைக் குளிர்பெட்டியில் முட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். நீ வந்தால் காலையில் முதலில் எடுப்பது முட்டையைத்தான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. ஒளித்து வைப்பதில் நம் குடும்பத்துக்குக் கைராசி கிடையாது. விமான நிலையத்தில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கண்ணுக்கு மருந்து கிருந்து வேணும்னா சொல்லுங்க. அங்க நல்லதா கெடைக்கும்" என்றாய். "தூசிதாண்டா" என்றேன். அந்தக் கட்டடத்தில் தூசி என்று ஒன்று எனக்குத் தெரிந்தவரை கிடையாது. நீ சரியென்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாய். நீ வலது பக்கமாகத் திரும்பியதும் என் பார்வையிலிருந்து மறைந்துவிட்டாய். நீ அங்கேயே நின்று வெகுநேரம் கையசைத்ததாக உன் அம்மா காரில் சொன்னாள்.

ஆக, உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே போனாய் என்பதில் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். வருத்தம் இருக்கிறது. நீ போகாமல் இருந்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஈஜோக்குக்கும் ஆலைக்கும் ஓட்டியிருந்தால், வேறொரு வருத்தம் இருந்திருக்கும். அது எனக்குத் தாங்காது. இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும், நான் இதை எடுத்துக்கொண்டேன். நீ வேலையை விட்டுவிட்டு வரவேண்டாம். மருந்து அனுப்பவும் வேண்டாம், இங்கே கிடைக்கிறது. நீயும் உனக்கு ஏதாவது என்றால் எங்களிடம் சொல். எங்களைக் காப்பாற்றுவதற்காக மூடி வைக்காதே. அங்கே வேலை கடினமாக இருக்கிறது என்றால் கடினமாக இருக்கிறது என்று சொல். "நல்லா இருக்கேம்மா" என்று நீ சொல்லும் ஒவ்வொரு முறையும் உன் அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றுகிறாள்.

இப்போது சாம்பல் நிறத்துக்கு வருகிறேன். சிவப்புப் பூச்சு அடித்த அன்று சாயங்காலம், மண்ணெண்ணெயில் கைகழுவிக்கொண்டே நீ சொன்னாய்: "லோரிய வித்துடாதீங்கப்பா. ரெண்டு வருசத்துல வந்துருவேன்." நான், "யாரு விக்கப்போறா?" என்றேன். கேள்வியாகக் கேட்டதால் அது வாக்குறுதி ஆகாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நீ போன பிறகு லோரி ரம்புத்தான் மரத்தடியில் நின்றது. ஓடுகிற லோரியைவிட நிற்கிற லோரி சீக்கிரம் கெடும். இலை விழுந்து தட்டில் ஈரம் தங்கியது. உன் அம்மா தினமும் கூட்டினாள். பிறகு மேலே விரிப்புப் போட்டு மூடலாம் என்று சொன்னாள். நான் அவளைப் பார்த்தேன். அவளே, "வேணாம் லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மேல்பூச்சு அடிக்க மணியத்தைக் கூப்பிட்டேன். "பழையபடி நீலம்தானே அண்ணே? பின்னால தம்பி பேர எழுதிடறேன். என் கையெழுத்து இப்ப முன்னய விட நல்லா இருக்கு" என்றான். நீல லோரி என்றால் இந்த வட்டாரத்தில் நம் லோரி. சாம்பல் நிற லோரி யாருடைய லோரியாகவும் இருக்கலாம். "சாம்பல் அடி. பேரு வேணாம்" என்றேன். மணியம் வாதாடினான், நாய் எழுந்து போனது, அதெல்லாம் முன்பே எழுதிவிட்டேன். உன் அம்மா பக்கவாட்டு வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"அப்ப அவன்கிட்ட யாரு சொல்றது?"

நான் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன், தம்பி. லோரியை விற்றுவிட்டேன்.

வாங்கியவர் சுங்கை பஞ்சாங்கில் நெல் போடுகிற மலாய்க்காரப் பெரியவர். மகனோடு வந்திருந்தார். தட்டில் ஏறி மூலை மூலையாகக் கையால் தடவிப் பார்த்து, "பாகுஸ், பாகுஸ்" என்று பாராட்டினார். இரண்டு பக்கத்தில் எது நன்றாகத் தேய்த்திருக்கிறது என்று அவரைக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. உன் அம்மா கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையை அவிழ்த்துக்கொண்டு, சாவியை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். மகன் ஓட்டினான். தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து, வாசலைத் தாண்டுவதற்குள் அவன் கியர் போடுவதில் குறை கண்டுபிடித்துவிட்டார். மணியம் நீல டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். அவன் வெட்டியெடுத்த, உன் பெயர் இருந்த பழைய பின்கதவுத் தகட்டைக் கேட்டேன். அது ஓட்டையாகிப் போனதால் முன்பே பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டானாம்.

நேற்று அந்தப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். லோரி நன்றாக ஓடுகிறதாம். புதுப் பெயிண்டில் கோடு விழக்கூடாது என்று, தட்டு முழுவதும் பலகை பரப்பி ஆணி அறைந்துவிட்டாராம்.

அப்பா